மாவில் விழுந்த தடம்

…இல்லை, இது திரும்பிப் போன தடமாகத்தான் இருக்கும், உள்ளே வந்த தடமாக இருக்காது என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தால் மாவில் பதிந்திருந்த எலியின் குட்டி விரல்கள் அத்தனையும் அவர் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, வால் இழுத்த கோடு வளைந்து வளைந்து கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோரம் இருந்த பழைய செருப்பு அட்டைப்பெட்டியில் முடிந்தது. எழுந்து கூடத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். மருமகள் அறை வாசலில் அவரே தூவிய மாவு, துணி விரித்த மாதிரி அப்படியே கிடந்தது, ஒரு எறும்புகூட அதில் நடக்கவில்லை. நேற்று அந்த வாசலில் மட்டும் தூவினால் போதும் என்றுதான் நினைத்தார், மகன்தான், "எல்லா ரூம்லயும் போடுங்கப்பா, அப்பதானே சரியா தெரியும்" என்றான், போட்டால் போகிறது என்று தன் அறையிலும் ஒரு கை தூவிவிட்டுப் படுத்தார். படுத்தவுடன் தூக்கமும் வந்துவிட்டதே… எப்படி வந்தது? பெட்டி ஞாபகத்துக்கே வரவில்லையா? அதற்குள் இருக்கும் கிரீம் பிஸ்கட்டைச் சாப்பாட்டுப் பொருள் என்று அவர் மனசு ஒருநாளும் எண்ணியதில்லை, அது வேறு என்னவோ, மருந்து மாதிரி, யாருக்கும் தெரியாமல் அப்பப்போ ஒன்று, அவ்வளவுதான். எலிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்ன.

தானியக் கிடங்கில் வேலை பார்த்த காலம் முழுக்க அவருக்கு எலி வாத்தியார் என்றுதான் பெயர். மாவைத் தூவி, தடத்தைப் பிடித்து, பொந்தைக் கண்டுபிடித்து, கம்பி நாரைத் திணித்து சிமென்ட் பூசிவிடுவார், அப்புறம் அந்தப் பக்கம் எலி தலைகாட்டாது. எலி சும்மா வராது, தீனி எங்க இருக்குன்னு பாரு, அங்கதான் தப்பு இருக்கு என்று எத்தனை பேரை நிற்க வைத்துச் சொல்லியிருப்பார், அதையே போன வாரம் சம்பந்தியம்மாளிடமும் சொன்னார். பாவம், அந்தம்மா மகளைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், காப்பி டம்ளர் கையில் அப்படியே நிற்க, "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொண்ணு வந்தப்புறம்தான் இந்த வீட்டுல எலி. படுக்கையில உக்காந்து சாப்பிடற பழக்கம் போல" என்றார். சிரித்துக்கொண்டே வேறு சொன்னார்.  அந்தம்மா டம்ளரை வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மகள் அறைக்குள் போய், மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் ஈரத்துணியால் துடைத்தாள், வந்த விருந்தாளி, சம்பந்தி, முட்டி வலிக்காரி. அதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோமே… காலை ஆட்டிக்கொண்டுகூட இருந்தோமோ?

சரி, சரி, பையன் எழுந்திரிக்கறதுக்குள்ள துடைச்சிடணும். துண்டை நனைத்துக்கொண்டு வந்து மாவின் மேல் இழுத்தார், போச்சு, மாவு பசையாகி இன்னும் அழுத்தமாகத் தரையில் அப்பிக்கொண்டது, தேய்க்கத் தேய்க்கப் பரவியது, கிடங்கில் இருந்தவனுக்கு இதுகூடவா தெரியாது, உலர்ந்த துடைப்பத்தால் அல்லவா பெருக்கியிருக்க வேண்டும். மகனிடம் சொல்லிவிட்டால்தான் என்ன? சொல்லலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் சர்க்கரை முற்றி அவர் கால் விரலை எடுத்த அன்றைக்கு அவன் அழுதானே, வளர்ந்த ஆள், நர்ஸ் எதிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே இனிப்பைத் தொட மாட்டேன்னு சொல்லுங்கப்பா" என்றான், அவன் தலையில் கை வைத்துச் சொன்னார். அந்தக் கைதான் இப்போது பிஸ்கட்டை ஒளித்து வைக்கிறது. இதை எந்த முகத்தோடு சொல்வது?

"மாமா, விடுங்க, அது ஈரத்துல போகாது."

மருமகள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கையில் துடைப்பமும் தேய்ந்த தோசைக்கரண்டியும், கரண்டி எதற்கு என்று அவர் யோசிப்பதற்குள் உட்கார்ந்து பசையைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். "சும்மாதான்மா… கை தவறி மாவு கொட்டிடுச்சு" என்றார். "சரி மாமா" என்றாள், அவ்வளவுதான், அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுரண்டி முடித்துக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள், துழாவவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை, கை நேராகப் பெட்டிக்குப் போனது, எலி கடித்த மூலையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு பெட்டியை இழுத்து முந்தானையில் சுற்றினாள். அப்படியானால்… தினமும் பெருக்குகிறவள் இவள். போன வாரம் அவள் அம்மா மண்டியிட்டபோதும் இவளுக்குத் தெரியும். தெரிந்தே நின்றாள். மாமனார் மானம் போகக்கூடாது என்றா? இல்லை, சொன்னால் இந்த வீட்டில் யார் நம்புவார்கள் என்றா? கேட்டுவிடலாம், ஏம்மா அன்னைக்கே சொல்லலையென்று ஒரே ஒரு கேள்வி. கேட்காமல் ஈரத் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"மூடியிருக்கிற டப்பால போட்டு வெக்கறேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு, இன்னும் மெல்ல, "தினம் வேணாம் மாமா."

எதிர் அறையில் மகன் எழுந்து நடமாடும் சத்தம் கேட்டது. அவள் விருட்டென்று போய்ப் பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, தன் அறை வாசலில் கிடந்த மாவையும் இரண்டே இழுப்பில் கலைத்துவிட்டாள். மகன் வாயில் பிரஷ்ஷோடு வந்தான். "என்ன எலி வாத்தியாரே, ரிசல்ட் வந்துடுச்சா? யார் ரூம்?"

இப்போது சொல்ல வேண்டும், என் ரூம்தாண்டா, இரண்டு வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது… "நம்ம ரூம்தாங்க, நான்தான் பெருக்கிட்டேன்" என்றாள் அவள்.

"சொன்னேன்ல, படுக்கையில ஒண்ணும் தின்னாதேன்னு" என்று மகன் நுரையோடு சலித்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனான். அவள் மாவை முறத்தில் அள்ளினாள். அவனைக் கூப்பிடலாம், குழாய் எத்தனை தூரம், ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவான். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெட்கம் வந்தது, நிஜமாகவே வந்தது, காது மடலெல்லாம் சுட்டது, ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால், அவள் அந்த வார்த்தையைச் சொன்ன உடனே, நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியதே, அது என்ன… அது நிம்மதி இல்லையா?