ஒடிந்த போல்ட்டும் ஒரு வாளித் தண்ணீரும்

மாப்பிள்ளை வாங்கி வந்த பழைய காரின் இன்ஜினில் ஒரே ஒரு போல்ட்தான் பாக்கி. மற்றவை கழன்று, மேல்மூடியும் இறங்கித் தரையில் கிடந்தது. அந்த ஒன்று மட்டும் தலை ஒடிந்து, இன்ஜினின் அடிப்பாகமான இரும்பு பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, மாமனாரான மெக்கானிக்கின் உயிரை வாங்கியது.

இந்த ரக இன்ஜின்களின் குணமே அது. வால்வுகள் மூடியில் இருக்காது. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். எரிந்த புகையும் அந்த இரும்பைக் குடைந்துகொண்டுதான் வெளியேற வேண்டும். அதனால் தொட்டதற்கெல்லாம் கொதிக்கும், கேஸ்கட் போகும், போல்ட் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. பிளாக்கில் விரிசல் விட்டால் மட்டும் கிடையாது.

போல்ட்டைச் சுற்றிக் கேஸ் சுடரைக் காட்டி, மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மெழுகை மரைக்குள் இறக்கினார் மெக்கானிக். இனி அது தானாக ஆற வேண்டும். சும்மா இருப்பதுதான் இப்போது வேலை. அந்த வேலைதான் மாப்பிள்ளைக்கு ஆகவே ஆகாது.

குடும்பத்தில் அவருக்கு ‘அவசரம்’ என்றே பெயர். அடுத்த வேலை கிடைக்கும் முன்பே இருந்த வேலையை உதறியவர். கையில் இருந்ததையெல்லாம் இந்தக் காரில் போட்டு, விசேஷங்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: “இதையும் அவர் கெடுத்தா, பெட்டியத் தூக்கிட்டு உன்கிட்டயே வந்துடுவேன்பா. அவரைத் தொட விடாதே.” அவள் சொன்னால் செய்கிறவள். மெக்கானிக்கின் பயமே அதுதான்.

“ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடறேன் மாப்ளே. அது பாட்டுக்கு ஆறட்டும். கை வைக்காதீங்க.”

“சரிங்க மாமா.”

இரண்டாவது வாய் இறங்கவில்லை. பட்டறையில் ‘ணங்’ என்றது. மெக்கானிக் சோற்றுக் கையோடு ஓடினார்.

ஆவிக்கு நடுவே மாப்பிள்ளை காலி வாளியும் கையுமாக நின்றார். “சீக்கிரம் ஆறுமேன்னுதான் மாமா...”

மெக்கானிக் துணியால் துடைத்துப் பார்த்தார். போல்ட் குழியில் கிளம்பிய விரிசல், வால்வு உட்காரும் இடத்தைத் தாண்டி சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது.

“ஒட்ட வெச்சுடலாம்ல?”

வார்ப்பிரும்பு. இங்கே ஒட்டினால் பக்கத்தில் விரிசல் விடும். இதற்கு வேறு பிளாக்கைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிறது. வேறு எவனாவது செய்திருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும். மாப்பிள்ளையாயிற்றே! விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார் மனிதர்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க மாமா. போயிடுவா.” மாப்பிள்ளை கெஞ்சினார்.

வாசலில் செருப்புச் சத்தம். மகள்தான். உள்ளே வந்தவள் தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். “யாரு ஊத்தினது?”

“நான்தாம்மா,” என்றார் மெக்கானிக். “ஆறிடுச்சுன்னு நெனச்சுட்டேன். பிளாக் போச்சு. இனி ஓடாது.”

“நீயா? சூட்டுல தண்ணி பட்டாலே கத்துவியேப்பா நீ!” அவள் பார்வை மெல்லப் புருஷன் பக்கம் திரும்பியது.

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “விடு, மாமாவுக்கு வயசாயிடுச்சு. ஆறட்டும் ஆறட்டும்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

மகள் வாளியிலிருந்து பார்வையை எடுத்தாள். பிறகு புருஷனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களைப் போய்த் தப்பா நெனச்சேன் பாருங்க.” அப்பாவிடம் வந்தபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. இரக்கம்தான் இருந்தது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“போதும்பா. இனிமே யார் வண்டியையும் தொடாதே. பட்டறைய மூடிடு.”

மாப்பிள்ளை குனிந்து வாளியை ஓரமாக வைத்தார். மெக்கானிக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சரிம்மா,” என்றார்.