சுவர்ப் பக்கம் திரும்பியவன்

பின்னேர அஸர் தொழுகை முடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று ரபீக்காவுக்குத் தெரியும். முன் அறையில் சுவரோரக் கட்டிலில் வெளுத்த விரிப்பை விரித்தாள். கணவன் அகீலுக்குத் தலை சீவி, சட்டை மாற்றி, தலையணை வைத்து மல்லாக்கக் கிடத்தினாள். வாசலால் வருகிறவர்களுக்கு அவன் முகம் நன்றாகத் தெரிய வேண்டும்.

"சுவர்ப் பக்கம் புரட்டுற நேரம் போயிட்டுது, ரபீக்கா."

"ஸெய்னுதீன் மாமா வாற நேரம். அவருக்கு முதுகக் காட்டிக்கொண்டா கிடக்கப் போறீங்க? அவங்க போகட்டும், புரட்டுறன்."

அவர்கள் இலேசில் போகமாட்டார்கள். ஒரு கூட்டம் எழும்பினால் வாசலில் அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றும். நோயாளியைச் சுகம் விசாரிப்பது நன்மை அல்லவா? இறக்கக்கண்டி ஊரில் அந்த நன்மைக்குக் குறைவே இல்லை.

அகீல் கடலடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவன். ஸெய்னுதீன் மாமாவின் படகில்தான் தொழில். ஒரு நாள் சிலிண்டரில் காற்று முடிய, ஆழத்திலிருந்து ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டான். இரத்தத்தில் கிளம்பிய குமிழிகள் முள்ளந்தண்டு நரம்பைக் கெடுத்துவிட்டன. படகில் தூக்கிப் போட்டபோதே இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் சொல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பிசியோ செய்கிற பெண் ரபீக்காவைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுத்தாள். நமக்கு நொந்தால் நாமே அசைந்து படுப்போம். இவருக்கு நோகாது, ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நீங்கள்தான் பக்கம் மாற்றிவிட வேண்டும் என்றாள். ரபீக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அந்த மணிக்கூட்டை ஊர்தான் ஓட்டியது.

ஒரு நம்பிக்கையும் இருந்தது. கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. முதுகுத் தோலின் மேல் மெல்லிய மின்சாரம் கொடுத்து, அதோடு நிற்கப் பயிற்சியும் கொடுத்து, மிச்சமிருக்கும் நரம்பை எழுப்பப் பார்க்கிறார்கள். அகீலின் வலது கால் பெருவிரல் சிலவேளை இலேசாக அசையும். அந்த அசைவுக்காகவே அவனைச் சேர்க்க யோசித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று அறிவித்தும் இருந்தார்கள்.

அன்றைக்கும் மாமா நாலைந்து பேரோடு வந்தார். திராட்சையும் மால்ட் டின்னும் மேசையில் ஏறின. வெளிநாட்டில் ஒருவன் எழுந்து நடக்கும் வீடியோவை ஃபோனில் காட்டினார்கள். எல்லாம் கண்டுபிடித்துவிட்டான், நீ ஆறுதலாகப் படுத்துக் கிட, கொழும்புக்காரன் பார்த்துக்கொள்வான் என்றார் மாமா. எல்லாரும் நல்ல மனிதர்கள். அதுதான் வினை. கெட்டவர்கள் என்றால் கதவைச் சாத்தியிருக்கலாம். அத்தனை பேரில் ஒருவருக்கும் இவனை யார் புரட்டுவது என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை டொக்டர் நிலுஷா கொழும்பிலிருந்து வந்தாள். பெருவிரலைப் பார்த்தாள், சந்தோசப்பட்டாள். பிறகு அவனைச் சரித்தாள். முகம் மாறியது. முதுகின் அடியில், நாரியின் கீழ் எலும்பு துருத்தும் இடத்தில் தீப்பெட்டி அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் வெடித்திருந்தது. அந்த இடம் சிவந்தபோது ரபீக்கா கண்டவள்தான். வியர்வைக் கொப்புளம் என்று பவுடர் போட்டாள்.

"இந்தப் புண்ணோட சேர்க்கேலாது," என்றாள் நிலுஷா. "கிருமி இரத்தத்தில ஏறினா நடக்கிற கதையே இல்லை, உயிருக்கே ஆபத்து. நேரத்துக்குப் புரட்டினனீங்களா?"

"ஓம் டொக்டர். ஒரு நாளும் பிந்தினதில்ல."

நிலுஷா அகீலைப் பார்த்தாள். அவன் கூரை முகட்டைப் பார்த்தான்.

"நான்தான் வேணாமெண்டனான்," என்றான். "ஆக்கள் இருக்கக்குள்ள வெக்கமா இருந்திச்சு."

ரபீக்கா விறுக்கென்று குசினிக்குள் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நாள் தவறாமல் வாய்விட்டுக் கேட்டவன் அவன். கால் போனவனிடம் மிச்சமிருந்தது சொல் ஒன்றுதான்; அவள் மானத்தைக் காக்க அதையும் பொய்யாக்கிவிட்டான். திரும்பி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் சொன்னது பொய் டொக்டர். நான் சொன்னதும் பொய். அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தவர். வாற ஆக்கள் என்ன நினைப்பாங்களோ எண்டு நான்தான் புரட்டயில்ல."

நிலுஷா ஏசவில்லை. புண்ணைத் துடைத்துக் கட்டினாள். கட்டு மாற்றுவதற்குக் கிளினிக்கில் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

"இது ஆராய்ச்சி அக்கா, மந்திரமில்லை. சிலர் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். சிலருக்கு ஒரு மாற்றமுமில்லை. இவரை நடக்க வைப்பன் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா புண் ஆறினா அடுத்த முறை கட்டாயம் பார்ப்பன். அதுவரைக்கும் வைத்தியம் கொழும்பில இல்லை, இந்தக் கட்டில்லதான்."

மறுநாள் ஸெய்னுதீன் மாமா வந்தபோது அகீல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வாசலுக்கு முதுகுதான் தெரிந்தது. ரபீக்கா விரிப்பு மாற்றவில்லை.

"மகன் நித்திரையா?"

"முழிப்புத்தான் மாமா."

மாமாவின் முகம் சுருங்கியது. "வந்தவங்களுக்கு முதுகக் காட்டுறது எங்கட ஊர்ப் பழக்கமில்லியே, புள்ள."

"ஊர்ப் பழக்கத்தால அந்த முதுகில ஓட்டை விழுந்திட்டுது மாமா," என்றாள் ரபீக்கா. குரல் உயரவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. கட்டுப் போட்ட இடத்தைக் காட்டினாள். "நீங்க எல்லாரும் முகத்தைப் பார்க்க வந்தீங்க. நானும் முகத்தைத்தான் சோடிச்சு வச்சன். ஆராய்ச்சி நாளைக்கு வரலாம், பிந்தியும் வரலாம். அது வாற நேரம் உடம்பு உருப்படியா இருக்கோணும். அதுவரைக்கும் அந்த உடம்பைக் காத்துக் குடுக்கிறதுதான் சுகம் விசாரிக்கிறது. மற்றதெல்லாம் வேடிக்கை பார்க்கிறது."

மாமா கொண்டுவந்த பையைக் கீழே வைத்தார். இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து, சுவரிலிருந்து ஒரு ஆள் இருக்கக்கூடிய அளவுக்கு இழுத்தார். கதிரையைத் தூக்கி அந்த இடுக்கில் போட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, அகீலின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"கடலுக்குப் போன காலத்தில ஒரு நாளும் இவ்வளவு கிட்ட வந்து என்னைப் பார்த்ததில்லியே மாமா," என்றான் அகீல்.

மாமாவுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் தைத்தது. மணிக்கூட்டைப் பார்த்தார். மறுபக்கம் மாற்ற எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று ரபீக்காவிடம் கேட்டார். அந்த நேரம் பார்த்து வெளியே செருப்புகள் கழன்றன. அவர் இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முகம் பார்க்க வந்த ஆக்கள் அப்பிடியே திரும்பிப் போங்க. புரட்ட வாறதெண்டா, கையக் கழுவிப்போட்டு உள்ள வாங்க."