மூக்கு சேராத கப்பல்

கப்பலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தால் பின்பக்கம் ஒட்டிக்கொண்டது, முன்பக்கம் வாயைப் பிளந்தது. முன்பக்கத்தை அழுத்தினால் பின்பக்கம் விட்டுக்கொண்டது. சம்சுல் ஆலம் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு பொம்மைக் கப்பலின் உறுப்புகளையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு காலையிலிருந்து இந்த மல்லுக்கட்டில்தான் இருந்தார். கடைசியில் இரண்டு பாதிகளையும் மேசையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“பாத்தியா? நான் சொன்னேன்ல?” என்றார்.

சமையலறையில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரஹ்மத் பீவி, “என்னத்தச் சொன்னீங்க?” என்றாள்.

“அந்தப் பையன்கிட்ட ஏதோ ஒண்ணு சரியில்லைன்னு.”

அந்தப் பையன் சஜ்ஜாத். பழனியில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகன், சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவனுக்கும் இவர்கள் மகள் ஆஃப்ராவுக்கும் சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். சம்சுல் ஆலம் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சொல்ல மாட்டார். அவருடைய பிழைப்பு அப்படி. கொடைக்கானல் பஜாரில் அவருக்கு யூகலிப்டஸ் தைலக் கடை. தைலத்தில் கலப்படம் செய்யாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எவ்வளவு பழகிய ஆள் டின்னைக் கொண்டுவந்து இறக்கினாலும், அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விட்டு வெயிலில் வைத்துவிடுவார். சுத்தமான தைலம் என்றால் சுவடில்லாமல் பறந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் தாளில் கறை நிற்கும். மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். கறை விழும்வரை காத்திருப்பார். விழவே இல்லையென்றால் தாளைச் சந்தேகப்படுவார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் கேட்டார், “பழனியில கடல் எங்க தம்பி இருக்கு?” எல்லோரும் சிரித்தார்கள், சஜ்ஜாத்தும் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. கப்பல் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அவன் போனில் படம் காட்டினான். படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கொச்சித் துறைமுகத்துக்கு டூர் போகிறவன்கூட எடுப்பான்.

அது அவர் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் பழனி பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் பிளாஸ்டிக் துண்டுகள், படம் போட்ட ஒரு தாள், ஒரு பசைக் குப்பி. ‘நான் வேலை பார்ப்பது இந்த மாதிரிக் கப்பல்தான் மாமா. நீங்களே சேர்த்துப் பாருங்க’ என்று சஜ்ஜாத் போனில் செய்தி அனுப்பியிருந்தான்.

ஊரில் சம்பந்தம் பேசுகிறவர்கள் பழம் அனுப்புவார்கள், இனிப்பு அனுப்புவார்கள். கப்பலைத் துண்டு துண்டாக அனுப்புகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இருந்தாலும் வீட்டுக்கு வந்த பொருளை அவர் அலட்சியம் செய்யவில்லை. அது ஐப்பசி. அந்த மாதத்தில் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். செருப்பு பூசணம் பூக்கும், தீக்குச்சி உரசினால் பொடியாக உதிரும். ஈரம் படக் கூடாத பொருளெல்லாம் பாய்லர் பலகைக்குப் போய்விடும். வெந்நீர் பாய்லரின் புகைக்குழாயை ஒட்டிச் சுவரில் அடித்த பலகை அது. உப்பு ஜாடி, தீப்பெட்டி, அப்பள டின், வீட்டுப் பத்திரம், ஆஃப்ராவின் சர்டிபிகேட் எல்லாம் அங்கேதான். தீபாவளி லீவுக் கூட்டம் குறையும்வரை கப்பலுக்குக் கை வைக்க நேரமில்லை என்பதால், சம்சுல் ஆலம் தானே ஸ்டூலில் ஏறி, உப்பு ஜாடியை ஓரம் தள்ளி, இருப்பதிலேயே வெதுவெதுப்பான இடத்தில் பெட்டியைச் செருகி வைத்தார். அவ்வளவு பொறுப்பான மனிதர்.

கூட்டம் குறைந்து பெட்டியை இறக்கிச் சேர்க்கப் பார்த்தால், கதை இப்படி ஆகிவிட்டது.

முதலில் ரப்பர் பேண்ட் போட்டார். அறுந்தது. துணி கிளிப் போட்டார். தெறித்துப் போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. உள்ளே வந்த பசையைத் தடவி ஒரு பகல் முழுக்கக் கயிறு கட்டி வைத்தார். கயிற்றை அவிழ்த்ததும் டப்பென்று விட்டுக்கொண்டது. பக்கத்து ஹார்டுவேர் கடை திருமலைச்சாமியிடம் போய், தொட்டால் ஒட்டுகிற பசை வாங்கிவந்தார். அது சொன்னபடியே ஒட்டியது. கப்பலோடு அவர் கட்டைவிரலை.

ரஹ்மத் பீவி தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி விரலைப் பிரித்துவிட்டாள். “மாப்பிள்ளையப் புடிக்கலன்னு கப்பலக் கட்டிக்கிட்டீங்களா?” என்றாள்.

ஆஃப்ரா பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் படத்தாளை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். எந்தத் துண்டு எந்த எண் என்று எடுத்துக் கொடுப்பாள். மெல்லிய துணியால் ஒவ்வொன்றையும் துடைப்பாள். தின்ற தட்டைக்கூட நாலு தடவை சொன்னால்தான் எடுத்து வைக்கிறவள் அவள். அவளுக்கு இந்தக் கப்பலில் என்ன இவ்வளவு அக்கறை என்று சம்சுல் ஆலம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அதையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

“அத்தா, இந்தப் பாதி கொஞ்சம் வளைஞ்சிருக்குமோ?” என்று ஒரு நாள் தகப்பனிடம் கேட்டாள்.

“வளையலம்மா. வளைஞ்சதத்தான் நம்ம தலையில கட்டியிருக்கான். நல்ல சாமானா இருந்தா இங்க எதுக்கு வருது?”

ஆஃப்ரா தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திருமலைச்சாமி வேறு தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார். “பாய், கப்பல் வேலைன்னு சொல்லிக் கல்யாணம் முடிச்ச ஒருத்தன எனக்குத் தெரியும். கடைசில பாத்தா ஏதோ ஊர்ல ஓட்டல்ல பிளேட்டு கழுவிக்கிட்டு கெடக்கான். பொண்ணு வாழ்க்கை, பாத்துச் செய்ங்க.”

பார்த்துத்தான் செய்தார். பழனி பஸ் கண்டக்டரிடம் விசாரித்தார். பஜாரில் இரண்டு கடைக்காரர்களிடம், ஜமாத்தில் ஒரு பெரியவரிடம், சஜ்ஜாத் படித்த கல்லூரிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த ஒருவரிடம்கூடப் போனில் விசாரித்தார். எல்லோரும் ஒரே வார்த்தையாக நல்ல பையன் என்றார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றால் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

இதற்குள் பழனியிலிருந்து போன் வந்தது. சஜ்ஜாத்தின் அத்தா நேராகவே பேசினார். “லீவு முடியப் போகுதுங்க. இவன் கப்பல் ஏறிட்டா திரும்ப வர மாசக்கணக்காகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுதுட்டுக் கூப்பிடுறேன். சரின்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாங்களும் வேற எடம் பாக்கணும்ல?”

“சொல்றேங்க. அதுக்கு முன்னாடி பையன ஒரு எட்டு வரச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிச்சு இங்கயே சாப்பிடட்டும்” என்றார் சம்சுல் ஆலம்.

விருந்துக்குக் கூப்பிடுகிற சாக்கில் சோதனைக்குக் கூப்பிட்டார். கப்பலில் இன்ஜினியர் என்கிறானே, இந்தக் கையகலக் கப்பலைச் சேர்த்துக் காட்டட்டும். சேர்க்கத் தெரியாவிட்டால் அவன் வேலை பொய். சேரவே சேராது என்று தெரிந்து வாங்கி அனுப்பியிருந்தால் அவனே பொய். எப்படிப் போனாலும் கறை விழுந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சஜ்ஜாத் வெள்ளனே கிளம்பி மலையேறி வந்துவிட்டான். பள்ளிவாசலில் அவருக்குப் பின்வரிசையில் தொழுதான். வீட்டில் நெய்ச்சோற்றை நன்றாகவே சாப்பிட்டான், கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான். கை கழுவி வந்ததும் சம்சுல் ஆலம் செய்தித்தாளை விரித்து, பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

“இது எங்களுக்குச் சேர மாட்டேங்குது தம்பி. நீங்க கப்பல்காரரு, சேத்துக் காட்டுங்க.”

ரஹ்மத் பீவி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பார்த்தாள். ஆஃப்ரா சமையலறை வாசலில் நின்றாள்.

சஜ்ஜாத் இரண்டு பாதிகளையும் எடுத்தான். சேர்த்துப் பார்த்தான், முன்பக்கம் பிளந்தது. ஒரு பாதியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தான். கப்பலின் மூக்கைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு பெட்டியைத் திருப்பி அதன் மூலையைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டான்.

“தப்பு என்னோடதுதான் மாமா. கம்பெனிலேயே கோணலா வந்திருக்கு. வாங்கும்போது நான் பிரிச்சுப் பாத்திருக்கணும். வேற வாங்கி அனுப்புறேன்.”

சம்சுல் ஆலத்துக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. அவன் சொன்னதை அவர் கேட்கவில்லை. அவன் பெட்டியைத் திருப்பியதைத்தான் பார்த்தார். இத்தனை நாள் காத்திருந்தது வீண் போகவில்லை, பையன் எதையோ மறைக்கிறான்.

“அந்தப் பெட்டிய இப்படிக் குடுங்க.”

“அதுல ஒண்ணுமில்ல மாமா…”

“குடுங்க தம்பி.”

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெட்டியின் ஒரு மூலையில் அட்டை பழுப்பேறிக் கருகியிருந்தது. வளைவான கருக்கல். ஒரு குழாயில் சாய்ந்திருந்தால்தான் அப்படி விழும். அந்தக் குழாயின் பருமன்கூட அவருக்குத் தெரியும். ஸ்டூலில் ஏறி, உப்பு ஜாடியை ஓரம் தள்ளி, பெட்டியைப் புகைக்குழாயோடு ஒட்டிச் செருகியது இந்தக் கைதான்.

அவர் முகம் சூடானது. இருபது தடவை கழற்றி மாட்டியும் அந்த மூலையைத் தான் பார்க்கவே இல்லை என்பது இன்னும் கேவலமாக இருந்தது. அடுத்தவன் கறையைத் தேடுகிற அவசரத்தில் சொந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பேசாமல் விட்டிருக்கலாம். பையன்தான் பழியைத் தலையில் போட்டுக்கொண்டானே. ஆனால் பொய்யைக் கண்டால் சும்மா இருக்க அவரால் முடியாது.

“தம்பி, நீங்க இப்ப ஒரு பொய் சொன்னீங்க.”

சஜ்ஜாத் தலை குனிந்தான். “ஆமா மாமா.”

“எதுக்கு?”

“இந்த வீட்டுச் சோத்தச் சாப்பிட்டு எந்திரிச்ச கையோட, உங்களப் பாத்து ‘நீங்கதான் உருக்கிட்டீங்க’ன்னு எப்படி மாமா சொல்றது?”

இவ்வளவு பக்குவமாகப் பொய் சொல்கிறவன் நாளைக்கு வேறு எதற்கெல்லாம் சொல்வானோ என்று ஒரு நொடி மனம் ஓடியது. பழக்கம் எங்கே போகும்? அதைப் பிடித்து நிறுத்த அவருக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

“பாய்லர் மேல வச்சது நான்தான்” என்றார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். “வேற யாரும் வைக்கல. நான்தான் வச்சேன்.”

ரஹ்மத் பீவி கருகிய மூலையை எட்டிப் பார்த்தாள்.

“வெந்நி இருக்குங்களா மாமி?” என்றான் சஜ்ஜாத். “சூட்டுல வளைஞ்சத சூட்டுலதான் நிமிர்த்தணும். நல்லாக் கொதிக்கக் கூடாது, கை பொறுக்காத சூடு போதும்.”

அதே பாய்லரிலிருந்து வெந்நீர் வந்தது. கப்பலின் வளைந்த பாதியை அதில் முக்கி எடுத்து, இன்னொரு பாதியோடு சேர்த்துப் பிடித்தான். மூக்கு மெல்ல மெல்ல மூக்கோடு வந்து பொருந்தியது. “இந்தப் பக்கம் நீங்க புடிச்சுக்கங்க மாமா. ஆறுற வரைக்கும் அசையக் கூடாது.” பின்பக்கம் ரஹ்மத் பீவி பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கப்பலின் மூக்கில் நகம் நுழையவும் இடமில்லை.

அப்போது மேசையில் இருந்த சம்சுல் ஆலத்தின் போன் அடித்தது. திரையில் சஜ்ஜாத்தின் அத்தா பேர். அசர் முடிந்திருக்கிறது.

மூன்று பேர் கையும் கப்பலில் இருந்தது. சும்மா இருந்தவள் ஆஃப்ரா ஒருத்திதான்.

“எடும்மா” என்றார் சம்சுல் ஆலம்.

அவள் வந்து எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். “வ அலைக்குமுஸ்ஸலாம் மாமா. அத்தா கை சோலியா இருக்காங்க.”

“அப்படியா? அத்தா என்னம்மா முடிவு பண்ணியிருக்காங்க? வெரசாத் தெரிஞ்சா நல்லது.”

ஆஃப்ரா தகப்பனைப் பார்த்தாள். “என்ன சொல்லட்டும் அத்தா?”

சொல்ல வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பஸ் கண்டக்டரைக் கேட்டார், கடைக்காரர்களைக் கேட்டார், முகம் தெரியாத டீக்கடைக்காரரைக்கூடக் கேட்டார். தினமும் எதிரே உட்கார்ந்து கப்பலைத் துடைத்துக்கொண்டிருந்த இந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

“என்னைக் கேக்காத” என்றார். “உனக்கு எப்படித் தோணுதோ, அதைச் சொல்லு.”

ஆஃப்ரா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேகம் தெருவை மூடிக்கொண்டிருந்தது.

“எனக்குச் சம்மதம் மாமா” என்றாள்.

சஜ்ஜாத் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். கப்பலின் மூக்கு நூலளவு விலகியது. சம்சுல் ஆலம் தன் கையை அவன் கைமேல் வைத்து அழுத்திப் பிடித்தார்.

“விட்டுறாதீங்க மாப்ள” என்றார். “இன்னும் ஆறல.”