ஒரு விரல் போதும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்காக முப்பத்தாறு வருடம் செனட்டில் தொண்டை வறளப் பேசிய ஆர்விட் ட்வெட், பதவியை விட்டுப் பண்ணைக்குத் திரும்பிய வாரம் மாட்டுத் தீவனம் வாங்கப் புறப்பட்டார். மனைவி இல்லை. பக்கத்து இருக்கையில் தொப்பிதான் இருந்தது.

எதிரே வந்த வண்டிக்காரன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினான். அந்தப் பக்கத்தில் வணக்கம் என்றால் அவ்வளவுதான். ட்வெட்டோ சன்னலுக்கு வெளியே முழுக் கையையும் நீட்டி, ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி பல் தெரிய ஆட்டினார்.

அவர் போவதற்குள் சேதி தீவனக் கடைக்குப் போய்விட்டது.

"வாங்க செனட்டர்," என்றாள் கடைக்கார லோர்னா. "இப்பத்தான் க்ளிண்ட் போன் பண்ணினான். எவனோ வெளியூர்க்காரன் கையை அந்த ஆட்டு ஆட்டுறான், வண்டியில ஏதாச்சும் கோளாறோன்னு கேக்குறான். அட மடையா, அது ஓட்டு கேட்டுப் பழகின கைடான்னு சொன்னேன்."

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"இனிமே ஓட்டுக் கேக்கப்போறதில்லையே, லோர்னா."

"அப்ப ஒரு விரல் போதுமே!"

பேச்சு கன்றுக்குட்டி விலைக்குத் திரும்பியது. ஒருவரையொருவர் பேர் சொல்லி வம்பிழுத்துக்கொண்டார்கள். அவரை மட்டும் செனட்டர் என்று சொல்லி வழிவிட்டார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பும்போது ஒரு விரலைத் தயாராக நிமிர்த்தி வைத்துக்கொண்டே ஓட்டினார். வீடு வரை எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. வாசலில் இன்ஜினை அணைத்த பிறகும் அந்த விரலை மடக்க அவருக்கு மனம் வரவில்லை.