கட்டு அவிழ்ந்த நாள்

"புண்ணு ஆறிடுச்சுங்க ஐயா. இனிமே கட்டு வேணாம்" என்றான் நர்ஸ் தம்பி, என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு.

சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனால் நாளை முதல் இவன் வரமாட்டான்.

லேசில் எனக்கு ஒருவனைப் பிடிக்காது. இவன் வீடு தேடி வந்து என் சர்க்கரைப் புண்ணைத் துடைத்துக் கட்டியவன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் கொத்தனாராக இருந்த கதையெல்லாம் கேட்பான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பான். அங்கேதான் எனக்கு இடித்தது. என்ன சொன்னாலும் "ஆமாங்க ஐயா." வேண்டுமென்றே ஒருநாள், சூரியனைவிட நிலாதான் பெரிசு என்றேன். அதற்கும் ஆமாம். சம்பளம் வாங்குகிற வாய் அப்படித்தான் பேசும். சிநேகிதன் என்றால் ஒருதடவையாவது "போய்யா" என்று சொல்ல வேண்டாமா?

மகளிடம் கேட்டதற்கு, "அது அவர் வேலைப்பா. ஊர்ல எல்லாரும் உன்ன மாதிரி சண்டைக்கோழியாவா இருப்பாங்க?" என்றாள்.

அவன் பையை மூடினான். "அப்பாடா, உன் தொல்லை விட்டுது" என்றேன். சும்மாவாவது வந்து போ என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஆமாங்க ஐயா என்பான். அந்த ஆமாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"இப்ப நான் டியூட்டில இல்ல. ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லித் தொலை."

"இந்தச் சுவத்த நான்தான் பூசினேன், எங்க தட்டினாலும் கல்லு மாதிரி இருக்கும்னு தினம் பீத்திக்கிட்டீங்களே. ஜன்னலோரம் தட்டிப் பாத்தேன். டொக்கு டொக்குனு உள்ள காலியா கேக்குது பெரியவரே."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "யார்ரா பெரியவர்? என் பூச்சுல குத்தம் சொல்ல ஊசி போடுறவன் வந்துட்டானா?"

"ஊசி போடுறவனுக்கும் காது இருக்குல்ல?"

"பஞ்சு அடைச்ச காது!"

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா சத்தம்?"

"நீ உள்ள போ. இது எங்களுக்குள்ள."

கட்டில்லாத காலை ஊன்றி எழுந்தேன். அவன் தாங்கிப்பிடிக்க வரவில்லை. ஜன்னலோரம் போய்ச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு, விரல் முட்டியால் தட்டினான். நானும் இந்தப் பக்கம் காதை ஒட்டினேன். அவன் மூக்கும் என் மூக்கும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

"இன்னும் கொஞ்சம் கீழ தட்டு" என்றேன்.