ராகுகாலத்துக்கு முன் இரண்டு கேபிள்கள்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் லக்சிகாதான். பென்டில் ஹில்லில் உள்ள தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கியபடி சொன்னாள். முடிவுக்கு வந்ததும் அழுதுவிட்டாள். ஆகவே முடிவு என்னிடம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "இரண்டு கேபிள்கள் ஒன்றாக இணைந்த அந்த..." (வேண்டாம். கல்யாணக் கதை என்று நினைப்பீர்கள்.)

இரண்டாவது: ஒரு ஸ்கேன் நிலையத்தின் படங்களெல்லாம் ஒரே ஸ்டோரேஜ் சர்வரில் இருந்தன. அதற்குப் போகும் இரண்டு கேபிள்களையும் ஒரே பாதையாகச் சேர்க்க வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். முதலில் லக்சிகாவோடு வேலை செய்யும் வாசுதேவன், கேபிள்களின் மறுமுனையில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சைத் தயார் செய்ய வேண்டும், பிறகுதான் லக்சிகா சர்வரில் கைவைக்கலாம். முறை மாறினால் சர்வர் யாருக்கும் எட்டாது. இருவரின் விசாவும் அந்த வேலையில்தான் தொங்கியது.

3

குறித்த நேரம், சனிக்கிழமை ராகுகாலத்தில் விழுந்தது. அதைச் சொல்லி நேரம் மாற்றக் கேட்டால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். வாசுதேவன் எதையும் முந்திச் செய்பவர், முடித்திருப்பார் என்று நம்பி, லக்சிகா கிரவீனில் உள்ள தன் வீட்டிலிருந்தபடியே ராகுகாலத்துக்கு முன்னதாகத் தொடங்கிவிட்டாள். (படித்த பெண் இப்படிச் செய்வாளா என்று சந்தேகப்பட்டேன். நல்ல நேரம் பார்த்து என் வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.)

சர்வர் மறைந்தது. மீட்கப் போராடியதில் குறித்த நேரமும் கடந்தது. கடைசியில் போன் எடுத்தாள்.

"வாசு அண்ணா, சுவிட்ச் பக்கம் முடிச்சிட்டியளோ?"

"இல்லம்மா. ராகுகாலம் போகட்டும்னு உக்காந்திருக்கேன். ஏன்?"

அவள் சிரித்தாள் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

"ஐயோ அண்ணா, நான் தொடங்கீட்டன்."

"இரும்மா, இப்பவே பண்றேன்!"

அதற்குள் ஸ்கேன் மேசையில் படுத்திருந்த ஒரு முதியவரை எழுப்பி வேறிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் என்னவானார் என்று கேட்க லக்சிகாவுக்குத் துணிவில்லை.

4

மேலதிகாரி லக்சிகாவை அழைத்தார். யாருடைய பிழை?

முடிவு அ: "என்ர பிழை." வேலை போகிறது. போக இடமில்லாத ஊருக்கு அவள் திரும்புகிறாள்.

முடிவு ஆ: "வாசுதேவன் நேரத்துக்குச் செய்யேல்லை." அதுவும் பொய்யில்லை. மறுநாள் ஹெலன்ஸ்பர்க் கோயிலில், ஒன்றும் தெரியாத அவர் மனைவி விமலா அவளுக்குப் புளியோதரை நீட்டுகிறாள்.

முடிவு இ: இருவருமாக மேலதிகாரிக்கு ராகுகாலத்தை விளக்கியபோது அவர்... (ஆங்கிலத்திலும் முடித்துப் பார்த்தேன். முடியவில்லை.)

5

நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாரந்தோறும் வந்துகொண்டிருந்த வாசுதேவன் குடும்பத்தை அந்தப் பென்டில் ஹில் கடையில் இப்போது காண்பதில்லை. விமலா வேறு கடைக்கு மாறியிருக்கலாம். அப்படியே எழுதிவிடுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.