மேஜர் வீட்டுக் காபி

என் மகன் நாயிஃப் விமானி ஆகத் தகுதியில்லாதவன் என்று எழுதிவிட்டார்கள். செய்தி கரக் ஊருக்கு வந்த அன்றே என் சிற்றப்பா மகன் முஃப்லிஹ் உறவினர்களைத் திரட்டிவிட்டான். எழுதியவர் மேஜர் தைமூர், விமானப்படையில் பயிற்சி விமானிகளைச் சோதிக்கும் அதிகாரி. அவர் மனம் மாறாவிட்டால் நாயிஃப் விமானத்தை மறந்துவிட்டு ஏதாவது ஒரு கிடங்குக்குக் காவலாகப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் சீருடை போட்டவன் எவனும் அப்படித் திரும்பியதில்லை.

நான்கு கார் நிறைய, மேஜரின் வீடு இருந்த மஃப்ரக் நகருக்குப் புறப்பட்டோம். நான் தலைமை.

"அரபிக்கு விமானம் ஓட்ட வராதுன்னு வெளிநாட்டுக்காரன் பத்திரிகையில எழுதுறான். நம்ம ஆளே அதுக்குச் சாட்சி சொல்றானே அண்ணே!" என்றான் முஃப்லிஹ்.

"அங்க வந்து நீ வாயத் திறக்காதே," என்றேன். ஆனால் அதே கோபம் எனக்குள்ளும் இருந்தது.

மேஜருக்கு நாற்பது வயது இருக்கும். எங்களை மரியாதையாக உட்கார வைத்தார். முதல் கோப்பைக் காபியை எனக்கு ஊற்றினார். நான் அதை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தேன். அது எங்கள் வழக்கம். கேட்க வந்தவர்கள், கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார்கள். "குடிங்க, ஆச்சு" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல், நாங்கள் குடிக்காமல் எழுந்து போனால் அவமானம் அவருக்கு. வாய்விட்டுக் கேட்காமலே குடித்துவிட்டால் எங்களுக்குக் கோரிக்கையே இல்லை என்று அர்த்தம்.

கேட்பதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "என் பையன் என்ன தப்பு பண்ணினான்?"

"கையில தப்பே இல்ல, அபூ நாயிஃப்," என்று எங்கள் வழக்கப்படி மகன் பெயரால் என்னை அழைத்தார். "என் கையவிட அவன் கை சுத்தம். சொல்லிக் கொடுத்தத ஒரு மயிரிழை பிசகாம செய்வான்."

"பின்ன என்னய்யா?" என்றான் முஃப்லிஹ். நான் திரும்பிப் பார்த்ததும் அடங்கினான்.

"சோதனையில எல்லார்கிட்டயும் ஒண்ணு பண்ணுவேன். மேகத்துக்குள்ள இருக்கும்போது வேணும்னே தப்பான திசையைச் சொல்வேன். நேரா மலை இருக்கிற பக்கம். அவன் 'சரி சார்'னு திருப்பிட்டான். கடைசியில நான்தான் விமானத்தைப் பிடுங்கித் தூக்கினேன்."

"அவனுக்கு மலை இருக்கிறது தெரியாதா?"

"இறங்கினதும் அதைத்தான் கேட்டேன். 'தெரியும் சார்'னான். ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். 'நீங்க பெரியவர், உங்ககிட்ட எப்படி சார்'னான்."

எங்கள் ஆட்களில் ஒருவர் மெச்சுவதுபோல் தலையாட்டினார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை. ஊரில் அதற்காகவே நாயிஃபைக் காட்டிப் பேசுவார்கள். அப்படி வளர்த்தவன் நான். என் முன்னால் அவன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"நிஜமாவே நீங்க தப்பு பண்ணியிருந்தா?" என்று கேட்டேன்.

"இப்ப ரெண்டு வீட்லயும் துக்கம் விசாரிச்சுட்டு இருப்பாங்க."

அவர் என் கண்களைப் பார்த்தே சொன்னார். நான் கெஞ்சினால் அவர் "குடிங்க" என்று சொல்லிவிடலாம். வீடு நிறைய வந்திருப்பவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எவருக்கும் சுலபமில்லை. பிறகு என் மகன் விமானிக்கான இறக்கைச் சின்னத்தைக் குத்திக்கொண்டு, அடுத்தவர் சொல்லும் மலைக்கெல்லாம் போவான். அதற்குப் பெயர் கௌரவம் என்று நான் ஊரில் சொல்லித் திரிய வேண்டும்.

கோப்பையை எடுத்துக் குடித்தேன்.

"அண்ணே!" என்றான் முஃப்லிஹ்.

"காபி நல்லாருக்கு மேஜர்," என்று எழுந்தேன். அவர் வாசல்வரை வந்து, காரின் கதவைத் தானே திறந்துவிட்டார்.

திரும்பும் வழியில் யாரும் என்னோடு பேசவில்லை. விமானத் தளத்திலிருந்து விடுப்பில் வந்துவிட்ட நாயிஃப் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தான்.

"உங்கப்பா காபியக் குடிச்சுட்டு வந்துட்டாருடா," என்று முஃப்லிஹ் காரிலிருந்து இறங்கும்போதே கத்தினான். "கேக்கவே இல்ல!"

நாயிஃபின் முகம் வெளுத்தது. பிறகு, "நீங்க போனதே தப்புப்பா," என்றான். "என் விஷயம் அது. என்னை ஒரு வார்த்தை கேக்காம எதுக்கு ஊரையே கூட்டிட்டுப் போனீங்க?"

எல்லோர் முன்னிலையிலும்.

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது. தெரிஞ்சுதான் பேசுறேன்."

"அறைங்கண்ணே அவனை!"

என் கை உயரத்தான் செய்தது. அதைக் காரின் கூரையில் வைத்துக்கொண்டேன்.

"காலையில தளத்துக்குப் போ," என்றேன். "இதே குரல்ல அந்த மேஜர்கிட்ட பேசு. இன்னொரு சோதனை வேணும்னு நீயே கேளு."

விடிந்ததும் சீருடையில் கிளம்பினான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மேஜர் என்ன பதில் சொன்னார் என்று விசாரித்துவர முஃப்லிஹ் தயாராக நின்றான். யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.